விலைக்கு விற்கப்படும் வரிசை

கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி ஒரு கட்டுரையா என்று, இத்தொகுப்பைப் புரட்டும் தமிழாசிரியர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சங்க இலக்கியம் பற்றியும் இம்மண்ணில் சிறுகதை வளர்ந்த வரலாறு பற்றியும் எழுதவேண்டிய இடத்தில் ராட்டினத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதா என்று அவர்கள் கேட்பார்களாயின், அவர்களுக்கு என் விடை ஒன்றே. நம் மாணவர்களின் கட்டுரை ஏடுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ‘நான் சென்று வந்த சுற்றுலா’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, அவர்கள் மலையையும் அருவியையும் வருணிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களோ செந்தோசாவுக்கும் கெந்திங் மலைக்கும் ஜொகூர் லெகோலாந்துக்கும் போய்வந்த கதையை எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் உலகத்தை எங்கே பார்க்கிறார்களோ அங்கே நாமும் போய்ப் பார்ப்பது குற்றமாகாது.

அத்தகைய ஏடு ஒன்றுதான் என்னை இதனை எழுதத் தூண்டியது. உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தி, தான் பூங்காவில் ஏறிய சவாரியைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தாள். அதில் ஏறுவதற்கு நின்ற வரிசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். தாங்கள் நின்ற பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை இருந்தது என்றும், அதில் வந்தவர்கள் நிற்கவே இல்லை என்றும், அவர்கள் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் என்று அம்மா சொன்னார் என்றும் எழுதியிருந்தாள். வரிசை என்ற சொல்லை அவள் அந்தப் பக்கம் முழுவதும் வல்லின றகரமிட்டு ‘வறிசை’ என்றே எழுதியிருந்தாள். நான் ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வறியவர் நிற்கும் இடம் என்பதால் அவ்வாறு எழுதினாள் போலும்! அவள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திய ஆசிரியன் நான். அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

கேளிக்கைக்கென்றே ஓர் இடத்தை வேலியிட்டு, கட்டணம் வாங்கி உள்ளே விடும் வழக்கம் இங்கே புதிதன்று. சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் 1923ஆம் ஆண்டு ‘நியூ வேர்ல்டு’ தோன்றியது. அதன் பின்னர் கிம் செங் சாலையில் ‘கிரேட் வேர்ல்டு’, கேலாங்கில் பிற்காலத்தில் ‘கே வேர்ல்டு’ என்று பெயர் மாறிய ‘ஹேப்பி வேர்ல்டு’ என மூன்று ‘உலகங்கள்’ இருந்தன. பங்சாவான் நாடகமும் ரோங்கெங் நடனமும் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் திரைப்படமும் ராட்டினமும் ஒரே வேலிக்குள் அடங்கியிருந்தன. தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்த நம்மவர், சம்பளம் வாங்கிய மாலையில் அங்கே நடந்திருக்கிறார்கள். அந்த உலகங்களை நான் பொற்காலமாகப் புகழ வரவில்லை. சூதாட்டக் கடைகளும் ஏமாற்று வித்தைகளும் அங்கே இருந்தன. சம்பளப் பணத்தை அங்கேயே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய குடும்பத் தலைவர்கள் இல்லாமல் இல்லை.

ஆயினும் அவற்றில் ஒரு நேர்மை இருந்தது. வாயிலில் சில காசுகள் கொடுத்தால் உள்ளே போகலாம். அதன் பிறகு எதைப் பார்க்கிறோமோ, எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் தனியே காசு. ராட்டினம் பழுதாகி நின்றால் அன்று ராட்டினக்காரனுக்கு வருவாய் இல்லை. ஆகவே அதை விரைவில் சீராக்கும் கவலை அவனுக்கே இருந்தது. ராட்டினத்தின் முன்னே கூட்டம் மிகுந்தால் நாம் காசை மடியில் முடிந்துகொண்டு அடுத்த கொட்டகைக்குப் போகலாம். பழுதின் நட்டமும் கூட்டத்தின் நட்டமும் நடத்துபவனையே சேர்ந்தன.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோதும் இந்த முறையே வேறு வடிவில் இருந்தது. திறப்பு நாளன்று போலிச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்து, பூங்கா திணறியது தனிக்கதை. அவ்வாண்டே அங்கே சீட்டுப் புத்தகங்கள் விற்கப்படலாயின. சிறிய சவாரிகளுக்கு ஏ சீட்டு, அதனினும் பெரியவற்றுக்கு பி, சி என்று அவை வளர்ந்து, பின்னாளில் மிகப் பெரியவற்றுக்கு ஈ சீட்டு என்று வகுக்கப்பட்டன. பயன்படுத்தாத சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்தமுறை வரும்போது எடுத்துவரலாம். 1982ஆம் ஆண்டு அப்புத்தகங்கள் ஒழிந்தன. வாயிலில் ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் ‘இலவசம்’ என்ற முறை நிலைத்தது. இன்று செந்தோசாவிலும் கெந்திங்கிலும் ஜொகூரிலும் நாம் வாங்குவது அந்த ஒரே சீட்டைத்தான்.

ஒரே சீட்டு வசதியானது என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு சவாரிக்கும் பையைத் துழாவவேண்டியதில்லை. பிள்ளை கெஞ்சக் கெஞ்ச மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த வசதியோடு சேர்ந்து, யாரும் கவனியாத மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துவிட்டது. நாம் பணத்தை முன்னதாகவே கொடுத்துவிடுகிறோம். அதன்பின் ஒரு சவாரி மூடப்பட்டால் நட்டம் நமக்கு. மூன்று சவாரிகள் மூடப்பட்டாலும் நட்டம் நமக்கே. கூட்டம் பெருகிப் பத்துச் சவாரி ஏற நினைத்தவர் நான்கோடு திரும்பினாலும் பூங்காவின் பெட்டியில் விழுந்த தொகை குறைவதில்லை. கூட்டம் பெருகினால் அது கூடவே செய்கிறது. அன்று ராட்டினக்காரன் சுமந்த நட்டத்தை இன்று நாம் சுமக்கிறோம்.

இதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் வருகையாளர்க்குத் திறக்கப்பட்டது. அதன் பெருமைக்குரிய சவாரி ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற இரட்டை ரோலர் கோஸ்டர். சிவப்பும் நீலமுமாய் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று மோதுவதுபோல் நெருங்கி விலகும், உயரம் 42.5 மீட்டர். திறந்து ஒரு வாரம் ஆவதற்குள் பழுது காரணமாக அது மூடப்பட்டது. மீண்டும் ஓடத் தொடங்கியது 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில். 2013ஆம் ஆண்டு ஜூலையில் மறுபடியும் மூடப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. அப்போது நான்கு பேர் அருகருகே அமர்ந்த இருக்கைகள் போய், இருவர் அமரும் இருக்கைகள் வந்திருந்தன.

பாதுகாப்புக்காக ஒரு சவாரியை நிறுத்துவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஐயம் தோன்றிய அக்கணமே நிறுத்துவதுதான் அறம். உயிரோடு விளையாடி ஓட்டுபவனைக் காட்டிலும் மூடிவைப்பவன் ஆயிரம் மடங்கு மேலானவன். நான் கேட்பது வேறு. அந்த இரண்டு ஆண்டுகளும் பூங்கா திறந்தே இருந்தது; சீட்டுகளும் விற்பனையாயின. வெகுதொலைவிலிருந்தும் தெரியும் அந்தத் தண்டவாளங்களைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு நாடகக் குழு கதாநாயகன் இல்லாமல் நாடகம் போட்டால் கொட்டகையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே மட்டும் நாம் வாய்மூடி, அடுத்த வரிசையில் போய் நிற்கிறோம்.

கெந்திங் மலையில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். அங்கிருந்த பழைய வெளிப்புறப் பூங்கா 2013ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அடியோடு மூடப்பட்டது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் ஒன்றின் பெயரால் 2016ஆம் ஆண்டு புதிய பூங்கா வரும் என்றார்கள். கட்டுமானம் தாமதப்பட்டு, வழக்கு வந்து, வழக்கு தீர்ந்து, பெயரும் மாறி, ‘கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்’ என்று 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள்தான் அது திறந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல்! மலேசியப் பிள்ளைகளில் ஒரு தலைமுறையே அந்த மலையில் வெளிப்புறப் பூங்காவைக் காணாமல் வளர்ந்துவிட்டது. ஆயினும் என் கணக்கில் அது நேர்மைக் குறைவன்று. மூடியதை மூடியது என்று சொன்னார்கள். இல்லாத பூங்காவுக்குச் சீட்டு விற்கவில்லை. பாதி மூடிய பூங்காவுக்கு முழுச் சீட்டு விற்பதைவிட முழுதும் மூடுவது மேல்.

மழைக்கும் மின்னலுக்கும் எந்த நிறுவனமும் பொறுப்பாகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மின்னல் இம்மண்ணுக்கு விருந்தாளி அன்று. சிங்கப்பூரில் ஆண்டின் நாட்களில் ஏறத்தாழப் பாதி நாட்களில் மின்னல் காணப்படுகிறது. ஜொகூரிலும் நிலை ஏறத்தாழ இதுவே. கெந்திங் மலையோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் மூடுபனியில் மூழ்கிக் கிடப்பது. பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் கறுக்கும் என்பது நம் பாட்டிமார்க்குத் தெரிந்த செய்தி. சவாரிகளைத் திறந்தவெளியில் கட்டி, மழை வந்தால் அனைத்தையும் நிறுத்தி, சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிடுவது வானத்தின் குற்றமா, வடிவமைத்தவரின் குற்றமா?

இதற்கு மாறான அமைப்பும் நம்மிடையே உண்டு. பழைய ஈயச் சுரங்கக் குழியில் 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சன்வே லகூனுக்குச் சென்றவர்கள் அங்குள்ள அலைக்குளத்தை நினைவுகூரட்டும். அதற்கு வரிசை இல்லை. நூறு பேர் இறங்கினாலும் அலை வருகிறது, ஐந்நூறு பேர் இறங்கினாலும் அதே அலைதான் வருகிறது. லெகோலாந்தில் சிறு கட்டைகளால் கட்டிய ஊர்களின் நடுவே நடப்பதற்கும் வரிசை இல்லை, வெயில்தான் உண்டு. வரிசையில் நிற்காமல் மகிழக்கூடிய இடங்களை மிகுதியாக வைப்பதும் குறைவாக வைப்பதும் கட்டுபவரின் கையில் இருக்கிறது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். நம் திருவிழாக்களில் இல்லாத கூட்டமா? தைப்பூசத்தன்று பத்துமலையில் தோளோடு தோள் உரசி நடப்பவர், கூட்டம் இல்லாவிட்டால் விழா களைகட்டவில்லை என்று குறைப்படுவர். நம்மை வாட்டுவது கூட்டம் அன்று. அசையாமல் நிற்கவைக்கப்படுவதும், அவ்வாறு நிற்கும்போது பக்கத்துப் பாதையில் மற்றவர் ஓடுவதைப் பார்க்க நேர்வதுமே நம்மை வாட்டுகின்றன.

அந்தப் பக்கத்துப் பாதைக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓர் இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், இத்தனை மணிக்கு வா என்று ஒரு தாள் கிடைக்கும். அந்நேரத்தில் போனால் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை. அன்று அது எல்லார்க்கும் இலவசம். முந்தி எழுந்தவருக்கு முந்திய நேரம் கிடைத்தது. 2021ஆம் ஆண்டு அமெரிக்கப் பூங்காக்களில் அந்த இலவச ஏற்பாடு நீக்கப்பட்டு, அதே பாதை விலைக்கு வந்தது. தோக்கியோ டிஸ்னியிலும் 2022ஆம் ஆண்டு கட்டணப் பாதை வந்தது. ஆயின் மறு ஆண்டே சில சவாரிகளுக்கு இலவச முறையும் திரும்பச் சேர்க்கப்பட்டது. யுனிவர்சல் பூங்காக்களில் ‘எக்ஸ்பிரஸ்’ சீட்டு என்பது தனி விலையுள்ள பண்டம். கூட்டம் மிகும் நாளில் அதன் விலையும் மிகும். முதலில் நமக்கு வரிசையைக் கொடுத்தார்கள். பின்னர் அவ்வரிசையிலிருந்து விடுதலையை நமக்கே விற்கிறார்கள்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு பூங்காவில் பத்துச் சவாரிகள், ஒவ்வொன்றிலும் மணிக்கு 800 பேர் ஏறலாம், பூங்கா எட்டு மணிநேரம் திறந்திருக்கிறது, வந்தவர்கள் 8,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் 64,000 இருக்கைகள். ஆளுக்கு எட்டுச் சவாரி. மூன்று சவாரிகள் பழுது என்றால் இருக்கைகள் 44,800 ஆகக் குறைகின்றன. ஆளுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். இப்போது அந்த 8,000 பேரில் 2,000 பேர் விரைவுச் சீட்டு வாங்கி, பிடித்தவற்றில் திரும்பத் திரும்ப ஏறி, ஆளுக்குப் பத்துமுறை முடித்துவிடுகிறார்கள் என்க. அவர்கள் கொண்டுபோனது 20,000 இருக்கைகள். எஞ்சிய 6,000 பேருக்கு எஞ்சியவை 24,800. ஆளுக்கு நான்கு! எட்டு என்று எண்ணிப் பணம் கொடுத்த பிள்ளை நான்கோடு வீடு திரும்புகிறது. (இக்கணக்கை எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சரிபார்த்துவிட்டு, தம் மகளுக்கு மூன்றுதான் கிடைத்தது என்றார்.)

இதனை ஆதரித்துப் பேசுவோர் நம்மிடையே உண்டு. பொருளியல் பயின்ற நண்பர் ஒருவர், விமானத்தில் முதல் வகுப்பு இல்லையா என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் முதல் வகுப்பில் ஒருவர் கால் நீட்டிப் படுப்பதால் பின்னால் அமர்ந்தவரின் விமானம் தாமதமாவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சென்னையில் இறங்குகிறார்கள். பூங்காவிலோ ஒருவர் முந்தும் ஒவ்வொரு முறையும் பின்னிருப்பவர் ஓர் அடி பின்னுக்குப் போகிறார். பணம் வாங்குபவர் பூங்காக்காரர். நேரம் கொடுப்பவர் வரிசையில் நிற்கும் இன்னொருவர். தமக்குச் சொந்தமல்லாத ஒன்றையல்லவா அவர்கள் விற்கிறார்கள்!

வசதி படைத்தவர் கூடுதலாகக் கொடுப்பதால்தான் மற்றவர்க்குச் சீட்டு மலிவாகிறது என்பார் இன்னொரு சாரார். வரிசை நீண்டால்தான் விரைவுச் சீட்டு விலைபோகும். வரிசை பத்து நிமிடமாகச் சுருங்கினால் அதை வாங்க ஆள் ஏது? ஆகவே வரிசையைக் குறைப்பதில் நடத்துபவருக்கு என்ன ஆர்வம் இருக்கமுடியும்? இன்னொரு பெட்டியை ஓட்டலாம், இன்னும் இரண்டு பணியாளரை அமர்த்தலாம், உள்ளே விடும் தொகையைக் குறைக்கலாம். இவை ஒவ்வொன்றும் அவருக்குச் செலவு. அதோடு விரைவுச் சீட்டின் விற்பனையையும் கெடுக்கும். அவர்கள் தீயவர்கள் என்று நான் கூறவில்லை. நல்லவரையும் தவறான பக்கம் இழுக்கும் ஏற்பாடு இது என்றே கூறுகிறேன்.

மூன்றாவது கேள்வியை எழுப்பியவர் என் உடன்பணியாற்றும் தமிழாசிரியையே. “தமிழ்நாட்டுக் கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டு விற்கிறார்களே ஐயா, தெய்வத்தின் முன்னேயே அது நடக்கும்போது ராட்டினத்தின் முன்னே ஏன் கூடாது?” என்றார். நான் சற்றுத் தடுமாறினேன். பிறகு சொன்னேன்: “அங்கே நடப்பது அதை நியாயமாக்கிவிடாது அம்மா; அங்கேயும் அது வெட்கத்துக்குரியதே.” பத்துமலையில் 272 படிகள் உள்ளன. அமைச்சராயினும் தோட்டத் தொழிலாளியாயினும் அத்தனை படியும் ஏறித்தான் குகைக்குள் போகவேண்டும். அந்தப் படிக்கட்டில் நம் பிள்ளைகள் கற்பது ஒன்று, கேளிக்கைப் பூங்காவில் கற்பது மற்றொன்று.

சென்ற ஆண்டுகளில் ஒருமுறை நாற்பது மாணவர்களை ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனோம். பெயர் வேண்டாம். இரண்டு மாதம் முன்னதாகவே பணம் கட்டியிருந்தோம். நுழைவாயிலைத் தாண்டிய பிறகுதான், இன்று இயங்காதவை என்று மூன்று பெரிய சவாரிகளின் பெயர்கள் எழுதிய சிறு பலகை கண்ணில் பட்டது. அப்பலகையை வாயிலுக்கு வெளியே வைத்திருந்தால் என்ன என்று கேட்டேன். பணியிலிருந்த இளைஞர் பணிவாகச் சிரித்தார். பாவம், அவர் என்ன செய்வார்! பிற்பகலில் மழை. ஆறு மணிநேரத்தில் பெரும்பாலான மாணவர்க்கு நான்கு சவாரிகள் கிடைத்தன. ஆனால் ஐந்து மாணவர்க்கு அவர்தம் பெற்றோர் முன்னமே விரைவுச் சீட்டு வாங்கித் தந்திருந்தனர். அந்த ஐவரும் காலையிலேயே வகுப்பைவிட்டுப் பிரிந்தனர். அவர்கள் மீது குற்றமில்லை. அவர்களும் குழந்தைகளே. ஆனால் பேருந்தில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்த வகுப்பு, திரும்பும்போது இரண்டாகப் பிரிந்து அமர்ந்திருந்தது. ஒருவன் என்னிடம், “ஐயா, அடுத்த தடவை எல்லாரும் வாங்கலாமா, இல்லை யாரும் வாங்காமல் இருக்கலாமா?” என்று கேட்டான். அவன் வீட்டில் நான்கு பிள்ளைகள். தந்தை சரக்கு வண்டி ஓட்டுபவர். எல்லாரும் வாங்கினால் அந்தப் பாதையும் இதே வரிசையாகிவிடும் என்பது அவனுக்கு அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ!

கூட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாது என்பது சோம்பலின் விடை. 2005ஆம் ஆண்டு திறந்த ஹாங்காங் டிஸ்னிலாந்தில் மறு ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது, நாள் குறிக்காத சீட்டுகளோடு வந்த கூட்டத்தைச் சமாளிக்கமுடியாமல் வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டன. சீட்டு வைத்திருந்தும் உள்ளே போகமுடியாதவர்கள் வேலியேறினர். குழந்தைகளை வேலிக்கு மேலாகக் கைமாற்றினர். எத்தனை சீட்டு விற்றோம், எந்த நாளுக்கு விற்றோம் என்ற கணக்கு இல்லாததன் விளைவு அது. பின்னர் 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் வந்தபோது, பூங்காக்கள் நாள் குறித்து, தொகை வரையறுத்து, ஆளை எண்ணி உள்ளே விட்டன. நோய்க்கு அஞ்சிச் செய்யமுடிந்ததை வருகையாளர் நலத்துக்காகச் செய்ய ஏன் முடியாது? தோக்கியோவில் எந்தச் சவாரி எந்த மாதத்தில் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்பதைப் பல மாதம் முன்னதாகவே அறிவிக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு முதல் அங்கே நெரிசல் நாளுக்கு ஒரு விலை, ஓய்ந்த நாளுக்கு ஒரு விலை. அது வணிகமே, அதிலும் பணக்காரருக்கு வசதி உண்டு. ஆயினும் வாங்குமுன் தெரிந்துகொண்டு வாங்குகிறோம். உள்ளே போனபின் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதற்கு அது தடையன்று.

வரிசையே இல்லாத பூங்கா ஒன்றும் நம்மிடம் உண்டு, அதை மறந்துவிட்டோம். பாசிர் பாஞ்சாங்கில் 1937ஆம் ஆண்டு ஆவ் பூன் ஹாவ் தம் தம்பிக்காகக் கட்டிய ஹாவ் பார் வில்லாவைத்தான் சொல்கிறேன். புலித்தைலம் விற்ற பணத்தில் எழுந்த அந்தச் சுதைச் சிற்பங்களையும் நரகத்தின் பத்து நீதிமன்றங்களையும் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்த பிள்ளைகள் இன்று தாத்தாக்கள். 1990ஆம் ஆண்டு அதில் நீர்ச் சவாரிகளைச் சேர்த்து, ‘டிராகன் வேர்ல்டு’ என்று பெயரிட்டு, கட்டணம் வைத்துத் திறந்தனர். குடும்பங்கள் அக்கட்டணத்தைக் கண்டு ஒதுங்கின. சவாரிகள் போயின, நுழைவுக் கட்டணமும் போயிற்று. 2021ஆம் ஆண்டு முதல் நரகக் காட்சிக்கு மட்டும் தனிக் கட்டணம். எல்லாரும் மாறி அங்கே போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு ரோலர் கோஸ்டர் வேண்டும், வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும், வரிசை தாண்டியவனுக்கு அந்தப் பத்து நீதிமன்றங்களில் தண்டனை ஏதும் வைக்க மறந்துவிட்டார்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பூங்காக்காரர் தாமாக மாறுவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் அவர்களுக்குப் பள்ளிகள் வேண்டும். வார நாட்களில், வெளிநாட்டுப் பயணிகள் குறைந்த பருவங்களில் வாயிலை நிரப்புபவை பள்ளிப் பேருந்துகளே. நாமோ தலைக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டு வருகிறோம். மூடப்படும் சவாரிகளின் பட்டியலைப் பணம் கட்டுமுன் எழுத்தில் தரவேண்டும். பயண நாளன்று பெரிய சவாரிகள் நின்றால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பவேண்டும். பள்ளிக் குழுவில் ஒருவருக்கும் விரைவுச் சீட்டு கூடாது என்பதைப் பள்ளியே பெற்றோரிடம் சொல்லவேண்டும். இம்மூன்றையும் ஒரு பள்ளி கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பது பள்ளிகள் கேட்டால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். பெற்றோர் சிலர் நம்மீது சினங்கொள்வர். என் காசு, என் பிள்ளை என்பர். பள்ளிச் சீருடை அணிந்து வரும்வரை அப்பிள்ளை வகுப்பின் பிள்ளை என்று நாம் அவர்களுக்குப் பணிவோடும் உறுதியோடும் சொல்லவேண்டியிருக்கும்.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு முன்னதாக மேற்சொன்ன மூன்றையும் எழுதி ஒரு பூங்காவின் குழுப்பதிவுப் பிரிவுக்கு அனுப்பினேன். நான்காம் நாள் மறுமொழி வந்தது. என் அக்கறைக்கு நன்றி கூறியிருந்தார்கள். முதலிரண்டு கேள்விகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவதற்கு மட்டும், நாற்பது மாணவர்க்கும் சேர்த்து விரைவுச் சீட்டு வாங்கினால் எவ்வளவு தள்ளுபடி என்ற விலைப்பட்டியலை இணைத்திருந்தார்கள்.